ஒரு நுனி பாக்கி

அவள் அரத்தைக் கீழே வைத்தாள். கம்பித் தூளை ஊதிவிட்டாள்.

கிட்டாரின் கழுத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். குறுக்கே பதித்த கம்பிகள், ஃப்ரெட் என்கிறார்களே, அவை எல்லாம் இரண்டு ஓரத்திலும் நுனி மழுங்கிச் சமர்த்தாக அடங்கியிருந்தன.

இன்றைக்கு ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை.

திண்டுக்கல் வெயிலுக்கு மரம் சுருங்கிவிடும். கம்பி சுருங்குமா? அது பாட்டுக்கு ஓரத்தில் துருத்திக்கொண்டு நிற்கும். வாசிக்கிறவர்கள் கையைக் கீறும். கோடை வந்தால் அவர்களுடைய கிட்டார் கடையில் இந்த வேலைதான்.

ராவுவது எப்போதும் அவள். பூட்டுப் பட்டறைக்காரர் வீட்டுப் பெண். சாவி ராவும் பொடி அரம் அவள் சொன்ன பேச்சைக் கேட்கும்.

தேறியதா இல்லையா என்று சொல்வது அவள் கணவன். கண்ணை மூடிக்கொண்டு இடது கையை ஓரத்தில் மேலிருந்து கீழே ஒரு இழுப்பு இழுப்பான். "இங்க" என்பான். அவள் விரலுக்கே தட்டாத பிசிறு ஒன்று அங்கே நிச்சயம் இருக்கும். அவளுக்கு எரிச்சலாக வரும்.

அந்த எரிச்சலுக்குத்தான் இப்போது ஏங்கிக் கிடக்கிறாள்.

போன ஆடியில் கடையின் கண்ணாடி மேசை உடைந்து ஒரு சில்லு அவன் இடது மணிக்கட்டில் இறங்கியது. நரம்பைத் தைத்தார்கள். விரல்கள் மடங்கின, நீண்டன. உணர்ச்சி மட்டும் வரவில்லை.

வந்தாலும் வரும், வராமலும் போகும் என்றார் மதுரை டாக்டர். மழையைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார்.

அவனோ வந்துவிட்டது என்றான். கேட்கிறவர்களிடமெல்லாம் சொன்னான். அவளிடமும்.

வந்துவிட்டதென்றால் ஏன் வாசிக்க மாட்டேன் என்கிறான்? சாயங்காலமானால் கடை வாசலில் உட்கார்ந்து தெருவையே நிறுத்திவைப்பவன், இப்போது கிட்டாரைத் தடவிப் பார்ப்பதோடு சரி. வலது கையால் தடவிப் பாருங்களேன் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். முறைத்தான். அத்தோடு விட்டுவிட்டாள்.

அவளுக்கும் நம்பத்தான் ஆசை. பாழாய்ப்போன மனசு கேட்க வேண்டுமே. ஒவ்வொரு கிட்டாரிலும் ஒரே ஒரு நுனியை வேண்டுமென்றே ராவாமல் விட ஆரம்பித்தாள்.

அவன் கை அதன்மேல் போகும். நிற்காது.

"வழுவழுன்னு இருக்கு, லூர்து. குடுத்துரலாம்."

அவன் டீ குடிக்கப் போனதும், விட்டுவைத்த நுனியை ராவி முடிப்பாள்.

ஒருநாள் கீறி ரத்தமே வந்துவிட்டது. அவன் கண்ணை மூடியபடி வழுவழுன்னு இருக்கு என்றான். கண்ணைத் திறப்பதற்குள் முந்தானையால் துடைத்துவிட்டாள். துடைத்ததுகூட அவனுக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு உள்ளே போய் அழுதாள். கட்டினவனுக்கே பரீட்சை வைக்கிறோமே, இது என்ன பிழைப்பு? போதும் சாமி.

அதனால்தான் இன்றைக்கு எல்லா நுனியையும் ராவினாள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். மர விளிம்பையும் மழுக்கினாள். இரண்டு ஓரத்தையும் தன் விரலால் தடவினாள். பிசிறே இல்லை.

"முடிஞ்சுதா?"

அவன் வந்து உட்கார்ந்தான். கிட்டாரை மடியில் வாங்கினான். கண்ணை மூடினான். கை இறங்கியது.

நின்றது.

மேலே போனது. மறுபடி இறங்கியது. அதே இடத்தில் நின்றது.

"என்னத்தடி ராவுன? இங்க ஒண்ணு குத்துது."

அவள் எட்டி அந்த நுனியைத் தடவினாள். திரும்பத் திரும்பத் தடவினாள். ஒன்றுமே இல்லை.

இத்தனை நாள் இருந்ததை இல்லை என்றான். இப்போது இல்லாததை இருக்கிறது என்கிறானா? வந்துவிட்டது என்று காட்ட இப்படியும் ஒரு வேஷமா?

"இல்லைங்க" என்றாள் மெதுவாக.

"இருக்குங்கிறேன்ல."

அவனிடம் வாதம் செய்ய அவளுக்குத் தெம்பில்லை. மணிக்கட்டுக்குக் கட்டுப் போட வாங்கிய பஞ்சு மேசை டிராயரில் மிச்சம் இருந்தது. ஒரு துணுக்கைப் பிய்த்தாள். ஓரத்தில் வைத்து மேலிருந்து இழுத்துக்கொண்டே வந்தாள். வழுக்கிக்கொண்டு வந்தது. அவன் காட்டிய கம்பியையும் தாண்டியது.

ஓர் இழை மட்டும் பஞ்சோடு வரவில்லை. அந்தக் கம்பியின் நுனியில் மாட்டிக்கொண்டு மின்விசிறிக் காற்றில் ஆடியது.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு இழையை எடுத்துப் போட்டாள்.

"கண்ண மூடிக்கிட்டு இன்னொருக்கா பாருங்க."

"என்ன விளையாட்டு இது?" என்றான். ஆனாலும் மூடினான்.

கை இறங்கியது. நின்றது.

"இங்கதான்டி. இதுகூடவா தெரியல உனக்கு?"

"எனக்குத் தெரியலைங்க" என்றாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "நெசமாவே எனக்குத் தெரியலைங்க."

"சரி, சரி. ஒரு நுனிதான, இதுக்குப் போயி அழுகுற. ராவி விடு. இத எடுத்துட்டுப் போக அந்தப் பாட்டு கிளாஸ் புள்ள இப்ப வந்துருவா."

அரம் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது.

அதை எடுக்க அவளுக்கு மனசே வரவில்லை.