ஒரு சொம்பு தண்ணீர்

சமையலறைக் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு வந்து கதவைத் திறந்தாள்.

அவள் வேலை பார்க்கும் போலீஸ் ஸ்டேஷனின் ஏட்டு சவரிமுத்து நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

இன்று அவளுக்கு ஓய்வு நாள். பந்தோபஸ்துக்கு ஆள் போதவில்லை என்று கூப்பிட வந்திருப்பார், வேறென்ன.

விபத்தில் யாராவது போய்விட்டால், வீட்டுக்குச் சொல்லும் வேலை ஸ்டேஷனில் இவர்கள் இருவர் தலையில்தான் விழும். அவர் வாசலோடு நின்றுகொள்வார். அவள்தான் பேச வேண்டும். அழாமல் சொல்வாள் என்று அவளுக்கு நல்ல பெயர். அந்தப் பெயரை வாங்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

எடுத்தவுடன் சொல்லிவிட மாட்டாள்.

"ஒரு சொம்பு தண்ணி குடுங்கம்மா."

அந்த வீட்டுப் பெண் உள்ளே போய் மொண்டு வருவதற்குள் முகத்தைச் சரிசெய்துகொள்வாள்.

அந்தத் தண்ணீரை அவள் ஒருநாளும் குடித்ததில்லை. கொண்டுவந்தவளுக்குத்தான் அது வேண்டியிருக்கும்.

சரிசெய்த முகம் சில நாள் வீடுவரை கூடவே வந்துவிடும். கழற்ற வராது.

வீட்டில் அவள் யாரிடமும் தண்ணீர் கேட்பதில்லை. யாராவது அவளிடம் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பதில்லை. காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

காலையில் மகன் பைக் சாவியைச் சுழற்றிக்கொண்டே வந்தான்.

"அம்மா, குடிக்கத் தண்ணி குடு."

சுள்ளென்று விழுந்தாள். "கை இல்லையா உனக்கு? நீயே மோந்து குடி."

"போலீசம்மாவுக்கு லீவுலயும் டூட்டிதான்" என்று சிரித்தான். குடிக்காமலே கிளம்பிவிட்டான்.

அப்போதிருந்து மனசு கேட்கவில்லை. பெற்ற பிள்ளை கேட்டது ஒரு வாய்த் தண்ணீர். மத்தியானம் வந்ததும் மோர் கரைத்துக் கையில் கொடுக்க வேண்டும் என்று நினைத்திருந்தாள். தயிரைக்கூட எடுத்து வெளியே வைத்திருந்தாள்.

"உள்ள வாங்கண்ணே" என்றாள்.

அவர் வரவில்லை. அவள் முகத்தையும் பார்க்கவில்லை. பாவம், அவருக்குப் பேசிப் பழக்கமில்லை. அவள் பேசித்தான் கேட்டிருக்கிறார்.

"ஒரு சொம்பு தண்ணி குடும்மா."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.



"வீட்ல தண்ணி இல்லண்ணே."

உள்ளே குடம் நிரம்பி வழிகிற சத்தம் இருவருக்கும் கேட்டது.