பாசில் கரையேறிய துறை

அந்த எரிமலைத் தீவில் எந்த இடத்துக்கும் முன்கூட்டிப் பெயர் வைப்பதில்லை. ஏதாவது நடக்க வேண்டும், நடந்ததே பெயராகிவிடும். கழுதை மிரண்ட மேடு, பாதிரியார் வழுக்கி விழுந்த பாறை என்று தீவு முழுக்க அப்படித்தான்.

கப்பலில் வந்த நில அளவைக்காரர், பெயர்களைச் சரிபார்க்க நூறு வருடத்துப் பழைய வரைபடத்தை லவீனியாவின் மேசையில் விரித்தார். அவர் வாசிக்க வாசிக்க அவளும் கொழுந்தன் மெல்வினும் தலையாட்டினார்கள்.

"பாசில் ஒற்றைத் துடுப்போடு கரையேறிய துறை."

இருவரும் தலையாட்டவில்லை. பாசில் லவீனியாவின் கணவன். படகோடு காணாமல் போய்ப் பதினோரு நாள். கரை ஒதுங்கிய அவனுடைய துடுப்பு ஒன்று வாசல் சுவரில் சாய்ந்திருந்தது.

"அந்தக் காலத்துல வேற பாசில் இருந்திருப்பாரு," என்றார் அளவைக்காரர்.

"இங்க அந்தப் பேரு எங்கண்ணனுக்கு மட்டும்தாங்க," என்றான் மெல்வின். "அண்ணி, எங்க கிளம்பிட்டீங்க? அந்தத் துறைய மூணு தடவ சல்லடை போட்டுச் சலிச்சாச்சே!"

லவீனியா கம்பளிக் காலுறைகளை மடித்து எடுத்துக்கொண்டாள்.

"நனைஞ்ச காலோட வருவாரு. அப்புறம் ராத்திரி பூரா இருமுவாரு. நீ போயி உன் கிழங்குத் தோட்டத்தப் பாரு."

துறையில் கருமணலும் அலையும் மட்டுமே இருந்தன. பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, காலுறைகளோடு வீடு திரும்பினாள்.

வாசல் சுவரில் இரண்டு துடுப்புகள் சாய்ந்திருந்தன. ஒன்று காய்ந்திருந்தது. மற்றதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.