இடது பக்கம் போன பந்து

"அப்பா உனக்கு மட்டும்தான் விட்டுக்கொடுத்தார். எனக்கு ஒரு ஆட்டமாவது விட்டுக்கொடுத்திருக்கலாம் இல்ல?"

கண் மருத்துவமனை பெஞ்சில், அத்தனை பேர் முன்னால், ஐம்பது வயசுத் தம்பி இப்படி மூக்கால் அழுதால் அக்காவுக்கு எரிச்சல் வராதா?

"டேய், பேரன் எடுக்கிற வயசுல என்னடா புலம்பல்? துணைக்கு வந்தோமா, உட்கார்ந்தோமான்னு இரு."

படிக்கிற கண்ணாடியை மாற்ற வந்தவள் அவள். தம்பி பஸ் டிரைவர். இன்று லீவு என்று கூட வந்திருந்தான். கண்ணாடிக்குச் சோதித்தவர்கள், "கண்ணுல அழுத்தம் இருக்கு" என்று இன்னும் என்னென்னவோ பார்த்துவிட்டு உட்கார வைத்துவிட்டார்கள். பொழுது போகாமல்தான் பழைய பேச்சு கிளம்பியது.

அப்பா அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவர். சாயங்காலம் விரலெல்லாம் மையோடு வருவார். சட்டைக் கையை மடித்துவிட்டு, "இன்னிக்கு என்கிட்ட யாரு தோக்கப்போறது?" என்பார். வீட்டுக்குப் பின்னால் இறகுப்பந்து ஆட்டம். துணி காயப்போடும் கயிறுதான் வலை. பந்தில் பாதி இறகு இருக்காது.

"என்கூட ஆடினா புலி, உன்கூட ஆடினா பூனை" என்றான் தம்பி. "உன் அடி அவருக்கு இடது பக்கமா போகும். மனுஷன் கையைக்கூடத் தூக்க மாட்டார். கீழ விழுந்ததும், 'சபாஷ்டி ராஜாத்தி!'ம்பார்."

"எனக்கு இடது கை. அந்த அடி உனக்கு வருமா?"

உள்ளுக்குள் அவளுக்குக் குளிர்ந்தது. அப்பா செல்லம் என்கிற மிதப்பு இத்தனை வருஷமும் குறைந்ததே இல்லை.

டாக்டரம்மா இருவரையும் உள்ளே கூப்பிட்டார்.

"உங்களுக்கு கிளாக்கோமா ஆரம்பிச்சிருக்கும்மா. வலி இருக்காது. நேர்ப் பார்வை பளிச்சுனு இருக்கும், ஓரப் பார்வைதான் சத்தமில்லாம போகும். போனது திரும்பாது. சொட்டு மருந்தை விடாம போட்டா மிச்சத்தைக் காப்பாத்தலாம். வீட்ல யாருக்காவது இருந்துச்சா?"

"அப்பாவுக்குக் கடைசியில பார்வையே இல்ல. வயசுன்னு விட்டுட்டோம். ஆனா அதுக்கு முன்னால, கடுகு மாதிரி எழுத்தைக்கூடக் கண்ணாடி இல்லாம கோர்ப்பாரே!"

"அப்படித்தான் ஏமாத்தும். ஏதாவது ஒரு பக்கத்திலிருந்து வர்றதை மட்டும் கவனிக்காம விட்டிருக்காரா?"

அக்காவும் தம்பியும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவர் விட்டுக்கொடுக்கலடா" என்றாள் அக்கா. "விழுந்த சத்தத்தைக் கேட்டுத்தான் சபாஷ் போட்டிருக்கார்."

டாக்டரம்மா தம்பி பக்கம் திரும்பினார். "கூடப் பிறந்தவங்களும் கண்ணைச் சோதிச்சுக்கணும். வருஷா வருஷம்."

"எனக்கா? தினம் அத்தனை ஜனத்தை ஏத்திக்கிட்டு ஓட்டறவன் டாக்டர். எவ்வளவு தூரத்துல போர்டு இருந்தாலும் படிச்சிடுவேன்."

"அப்பாவும்தான் படிச்சார். எழுந்திருடா."

"ஏதாவது இருந்தா வேலை போயிடும்க்கா" என்றான் அவள் காதோரம்.

"ஓரத்துல வர்ற ஆளு தெரியாம நீ எவன் மேலயாவது ஏத்தினா? நட."

இருட்டறை. ஒரு கண்ணை மூடி, கிண்ணம் மாதிரி இருந்த கருவிக்குள் முகத்தை வைத்தான். வெளிச்சப் புள்ளி தெரிகிறபோதெல்லாம் கையிலிருக்கிற பொத்தானை அமுக்க வேண்டும். புள்ளி எங்கே வருகிறது என்பது சோதிக்கிற பெண்ணின் திரையில் தெரிந்தது. அக்கா அவள் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

நடுவில் ஒரு புள்ளி. டிக்.

வலப் பக்கம். டிக்.

இடது ஓரத்தில் ஒன்று. சத்தம் வரவில்லை.

அதற்குச் சற்று மேலே இன்னொன்று. தம்பி நிம்மதியாக நேரே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அமுக்குடா" என்றாள் வாய்க்குள். "தம்பி... அமுக்குடா."