பேர் குத்திய கை

"தொரையே வந்து கேட்டாலும் இவ என்னுதுதான்!" தாய் வீட்டுக்கு ஓடிப்போன மனைவி அங்கம்மாவை மேனாம்பேடு பஞ்சாயத்தில் நிறுத்தி முழங்கினான் திருவேங்கடம். "மாட்டுக்குச் சூடு போட்ட அன்னிக்கே இவ கையில என் பேரப் பச்சை குத்த வெச்சேன். படிச்சுப் பாருங்க!"

கணக்குப்பிள்ளை குனிந்து படித்தார். "அங்கம்மான்னு இல்ல போட்டிருக்கு?"

படிப்பு வாசனையே இல்லாத திருவேங்கடம் அவள் கையை வெடுக்கென்று இழுத்துப் பார்த்தான். "இன்னாடி இது?"

"நீ கள்ளுக்கடைக்குப் பூட்டே. குத்துறவ பேரு கேட்டா. புருசன் பேர வாயால சொன்னா அடிப்பியே? அதான் என் பேரச் சொன்னேன்."

நாட்டாமை வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, திருவேங்கடத்தை நிதானமாகப் பார்த்தார்.

"அதனால இன்னாடா? இன்னொரு கை சும்மாதானே கீது. இந்தத் தபா கூடவே நின்னு குத்த வையி."