வீராவின் பேட்டரி

இதயத் துடிப்பை அளந்து, எண்களாக மாற்றி, வயர் இல்லாமல் அனுப்பும் சிப் ஒன்றை வினிதா வடிவமைத்துக்கொண்டிருந்தாள். பெருங்களத்தூர் அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருந்த மேலாளர் ஹேமநாத்துக்குப் பொறுமை இல்லை.

"பேட்டரி ஒரு வாரம் வருதுல்ல? போதும். டிசைனை முடிச்சிடுங்க."

"துடிப்பு மாறும்போது மட்டும் சிப் முழிச்சு அளக்கற மாதிரி செஞ்சா, ஒரு வருஷம் வரும் சார். இப்ப நம்ம மாதிரி சிப்பை மாட்டியிருக்கிற வீராவுக்கு வயசாயிடுச்சு. ஒவ்வொரு தடவை பேட்டரி மாத்தும்போதும் மயக்க ஊசி போடணும். அந்த இதயம் தாங்காது."

"பேட்டரி மாத்த எதுக்கு மயக்க ஊசி?"

"அது இல்லாம யாரையும் கிட்ட விடறதில்ல சார்."

"பிடிவாதம் பிடிக்கிற பேஷன்ட் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கேன். பக்கத்துல உட்கார்ந்து பேசினா கேட்டுக்குவார். வாங்க, நானே பேசறேன்."

வினிதா மறுக்கவில்லை. கார் வண்டலூரில் நின்றது. டாக்டர் இருவரையும் உள்ளே அழைத்துப்போனார்.

இரும்புக் கம்பிகளுக்கு அந்தப் பக்கம், மார்பைச் சுற்றிய பட்டையோடு படுத்திருந்த கிழட்டுச் சிங்கம் தலையைத் தூக்கி உறுமியது.

"வீரா, உன்கிட்ட பேசத்தான் சார் வந்திருக்கார்" என்றார் டாக்டர்.

ஹேமநாத் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்.

"வினிதா, டிசைனுக்கு இன்னும் எவ்வளவு டைம் வேணும்?"

"ஒரு மாசம் சார்."

"எடுத்துக்கோங்க."