கரையேறிய ஆமை

ஒரு குளத்தில் ஆமை ஒன்று இருந்தது. விடிந்ததும் கரையேறி, மேட்டு வேம்படியில் இருந்த சாமியைக் கும்பிட்ட பிறகுதான் அது இரை தேடப் போகும்.

ஒரு வருஷம் மழை இல்லை. குளம் வற்றி, சேறு பாளம் பாளமாக வெடித்தது. வெடிப்பில் சிக்கிக் கால் கிழிந்தும் ஆமை விடாமல் மேடேறியது. சேற்றுக்குள் பதுங்கிக் கிடந்த தவளைக்கு எரிச்சல் வந்தது.

"வயிறு காயுது, கும்பிடு ஒண்ணுதான் குறைச்சலாண்ணே?"

"வேற யாருகிட்டடா போய்த் தண்ணி கேட்பேன்?" என்றபடி ஆமை நகர்ந்தது.

பிறகு மழை கொட்டியது. குளம் நிரம்பி அல்லி பூத்தது, இரை வாய்க்கே வந்தது. நாளைக்குப் போகலாம் என்று குளிர்ந்த நீரில் மிதந்தது ஆமை. மறுநாளும் அப்படியே போயிற்று.

ஒரு காலையில் கண்ணை மூடிக்கொண்டு நினைத்துப் பார்த்தது. சாமியின் முகம் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. திடுக்கிட்டுக் கரைக்கு நீந்தியது.

"போகலைன்னா சாமி கோவிக்கவா போகுது?" என்றது தவளை.

"கோவிக்காதுடா. அதான் பயமா இருக்கு."

கரையெல்லாம் பாசி. பாதியில் வழுக்கித் தண்ணீரில் விழுந்தது. மறுபடி ஏறியது, மறுபடியும் விழுந்தது. கடைசியில் நகத்தை மண்ணில் ஊன்றி ஊன்றி மேட்டை அடைந்தபோது உச்சிவெயில்.

திரும்பி வந்ததும் தவளை கேட்டது: "என்னண்ணே வேண்டிக்கிட்டே?"

"கேட்க ஒண்ணுமில்லை. சும்மா பார்த்துட்டு வந்தேன்."

"சும்மா பார்க்கவா இத்தனை பாடு?"

"ஆமாடா. நாளைக்கும் போவேன்."