மலையில் இன்னும் வெயில்

போடியில் பொழுது சாய்ந்துவிட்டது. மலைமேல் ஏலத்தோட்டத்துப் பாறையில் நிற்கும் சிக்கந்தருக்கு இன்னும் சாயவில்லை. கையிலிருக்கும் பேரீச்சம்பழத்தில் வெயில் மின்னுகிறது. பகலெல்லாம் செடிக்குத் தண்ணீர் பாய்ச்சிய குழாய் காலடியில் சொட்ட, தொண்டை காய்ந்து கிடக்கிறது. செல்போனில் ஊர்ப் பள்ளிவாசல் பாங்கு கேட்டு ஓய்கிறது. "நோன்பு திறந்துட்டியா, சைத்தூன்?" "அப்பவேங்க. கஞ்சி குடிச்சுக்கிட்டிருக்கேன்," என்கிறாள் மனைவி. "பொய்யி. நீ கஞ்சி உறிஞ்சுனா குரங்கணி வரைக்கும் கேக்குமே!" சிரிக்கிறாள். "பெருநாளுக்குத்தான் வருவீங்க. இதையாவது சேர்ந்து திறப்போம். அங்க சூரியன் இறங்கிருச்சா?" மேற்கு முகட்டில் நகக்கீற்றளவு சிவப்பு. அதுவும் மறைகிறது. "இறங்கிருச்சு புள்ள. குடி." பழத்தை உதட்டருகே நிறுத்தி, போனைக் காதில் அழுத்துகிறான். அங்கே ஒரு மிடறு தண்ணீர் இறங்கும் சத்தம். அதைக் கேட்ட பிறகே கடிக்கிறான்.